உடன் வருவோர்

ஜனாதிபதியாக இருந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவர்களுக்குக் கதவைத் திறக்கத் தெரியாது.

திமிர் என்று நினைத்துவிடக் கூடாது. வருடக்கணக்காக எந்தக் கதவை நெருங்கினாலும் அது தானாக விலகிக்கொண்டே இருந்தால், கை அந்த வேலையை மறந்துவிடுகிறது. அரசு பொது மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளும் தொண்டராகச் சேர்ந்த முதல் நாள், அந்த அம்மையார் கால் உடைந்த ஒரு பெரியவரை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"என்னம்மா, கதவு கும்பிட்டாத்தான் திறக்குமா? தள்ளுங்க!"

கூடமே சிரித்தது. அந்த அம்மையாரும் சிரித்தார். சாயங்காலத்துக்குள் அவருக்கு மாஜி என்று பெயர் விழுந்துவிட்டது. "முன்னாள் ஜனாதிபதி அவர்களேன்னு கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள நோயாளிக்கு இன்னொரு நோய் வந்துடும். மாஜின்னா ஒரே மூச்சுல முடிஞ்சுது" என்றாள் மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த பெண்.

தேர்தலில் தோற்ற பிறகு மாஜி தன் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கை தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்திக் குத்தி, பேச்சும் அதே மாதிரி ஆகிவிட்டது.

"தோத்தவங்க எல்லாம் உக்காந்து புத்தகம் எழுதறாங்க. இல்லேன்னா ஊர் ஊரா போய் மேடையில பேசறாங்க. நீ ஏன்க்கா வண்டி தள்ளப் போறே?"

"புத்தகம் எழுதினா என்னைப் பத்தித்தானே எழுதணும்? அது எனக்கே அலுத்துப்போச்சுடி."

"ஊர் என்ன பேசும்?"

"பதவிதான் முடிஞ்சுது. வேலை முடியலையே."

தினமும் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் மாஜி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். நாட்டுக்காகச் செய்த நீண்ட பிரார்த்தனைகள் எல்லாம் சுருங்கி, இப்போது ஒரே வரி மிச்சமிருந்தது. 'இன்னிக்கு ஒருத்தரையாவது வலிக்காம கொண்டுபோய்ச் சேர்க்கணும்.' கடவுளுக்கும் அது சுலபமாகப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த மருத்துவமனையில் இரண்டு லிஃப்டுகள் இருந்தன. ஒன்று எல்லோருக்கும். அது பெரும்பாலும் பழுதாகிக் கிடக்கும். அதன் கதவில் 'அடுத்த வாரம் சரியாகும்' என்று எழுதிய அட்டை தொங்கும். அட்டை பழசாகி ஓரம் சுருண்டிருந்தது. இன்னொன்று பழைய காலத்து லிஃப்ட். மடங்கி விரியும் கம்பிக் கதவு, உள்ளே பளபளவென்று துடைத்த பித்தளைக் கைப்பிடி. எப்போதும் நன்றாக ஓடும், ஏனென்றால் யாரும் அதில் ஏறுவதில்லை. அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். மேலே ஒரு பலகை: 'நாட்டின் தலைவர்கள், முன்னாள் தலைவர்கள், உடன் வருவோர் மட்டும்.'

அந்தப் பூட்டின் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, லிஃப்ட்காரர் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரைச் சாவி என்றே கூப்பிட்டார்கள். வராத தலைவர்களுக்காகக் காலையில் வந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போவதுதான் அவருடைய உத்தியோகம்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. யார் மூளையில் உதித்ததோ தெரியாது. அந்த மாடிக்கு வாரந்தோறும் தவறாமல் வரவேண்டியவர்களில் ஒருவர் தையல்காரர். அவருடைய கால்கள் வீங்கி, படி ஏறும் பலம் போய்விட்டது. அவருடைய மகள் பிஸ்கட் ஆலையில் பெட்டி கட்டும் வேலை பார்ப்பவள், அவரை முதுகில் சுமந்து ஏறுவாள்.

மாஜி அதை முதலில் பார்த்தது படிக்கட்டின் அடியில். மகள் கால் இடறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தார்.

"இதோட போதும். நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன்" என்றார்.

"வராம? வீட்டுல உக்காந்து சாகறதா உத்தேசம்?" மகள் முழங்காலைத் தேய்த்தபடியே கேட்டாள்.

"உன் முதுகெலும்பை உடைச்சுட்டு வாழறதைவிட அது கௌரவம்."

"கௌரவத்தை மடிச்சு உங்க தையல் மெஷினுக்கு அடியில வைங்கப்பா. எழுந்திருங்க."

"மாட்டேன்னா மாட்டேன்."

மாஜி இருவரையும் பார்த்தார். பிறகு பூட்டிய லிஃப்டைப் பார்த்தார். பலகையை மெதுவாகப் படித்தார். ஜனாதிபதியாக இருந்தபோது ஒருமுறை அதே லிஃப்டில் ஏறிப் போயிருக்கிறார். மற்றவர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து தையல்காரரைத் தூக்கி உட்காரவைத்தார். நேராக லிஃப்டுக்கு முன்னால் போய், வழக்கம்போல் நிமிர்ந்து நின்றார்.

சாவி எழுந்து நின்றார். "அம்மா, இது..."

"பலகையில முன்னாள் தலைவர்கள்னு போட்டிருக்கே. நான் முன்னாள்தானே?"

"ஆமாம்மா. அது உங்களுக்கு. இவர்?"

"என்கூட வர்றார்."

சாவி பலகையை அண்ணாந்து பார்த்தார். 'உடன் வருவோர்.' மண்டையைச் சொறிந்தார். பூட்டைத் திறந்து, கம்பிக் கதவை இழுத்துக் காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்தார். பிடிக்காவிட்டால் அந்தக் கதவு தானாகவே உருண்டு மூடிக்கொள்ளும்.

"அப்போ நான் யாரு?" என்று மகள் நொண்டிக்கொண்டே வந்து நின்றாள்.

"நீயும்தான். ஏறும்மா."

அன்றிலிருந்து மாஜிக்கு உடன் வருவோர் பெருகினார்கள். கால் வெட்டுப்பட்டவர், மாசமாக இருந்த ஓர் ஆசிரியை, மூச்சிரைக்கும் ஒரு பழைய மல்யுத்தக்காரர். எல்லோரும் அவருடைய விருந்தாளிகள். ஒருவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கீழே வந்து இன்னொருவரோடு மேலே போவார். நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். சாவிக்கு உத்தியோகத்தில் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக வியர்த்தது. ஆனாலும் தன் முக்காலியை லிஃப்டுக்குள் கொண்டுவந்து போட்டு, "காலு வலிக்கும், நீங்க உக்காருங்கம்மா" என்றார்.

தையல்காரரும் சும்மா இருக்கவில்லை. தொண்டர்கள் போட்டுக்கொள்ளும் நீல நிற மேலங்கி மாஜிக்குப் பெரியதாக இருந்தது. அதன் கைப்பகுதி விரல்களை மூடும், கீழ்விளிம்பு சக்கரத்தில் சிக்கும். ஒருநாள் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனவர், அடுத்த முறை வரும்போது அளவாகத் தைத்துக்கொண்டு வந்தார். கைக்குட்டை வைக்க ஒரு பையும் சேர்த்திருந்தார்.

"அளவே எடுக்கலையே?" என்றார் மாஜி.

"உங்க போட்டோவை எத்தனை தடவை சுவர்ல பார்த்திருக்கேன். தோள் அளவு கண்ணுலயே இருக்கு. ஓட்டு மட்டும் உங்களுக்குப் போடலை."

"போட்டிருந்தா நான் இங்கே வந்திருக்க மாட்டேனே. நல்லதுதான் பண்ணீங்க."

பெரிய மேடைகளில் அவருக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகள் எங்கே போயினவோ. இந்த நீல அங்கியைத் தங்கை தொட்டுத் துவைக்கக்கூட அவர் விடவில்லை. அன்பு எப்போதும் சின்ன அளவில்தான் சரியாகப் பொருந்துகிறது.

சேதி ஊருக்குள் பரவியது. முன்னாள் ஜனாதிபதி லிஃப்ட் ஓட்டுகிறார் என்று ஒரு பத்திரிகை கேலியாக எழுதியது. இன்னொரு பத்திரிகை, மற்ற லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்று கேட்டது. அந்தக் கேள்விதான் சுகாதார அமைச்சரைத் தங்கையின் வீட்டுக்கு அழைத்துவந்தது.

அமைச்சர் அன்னியர் அல்ல. மாஜி ஜனாதிபதியாக இருந்த காலம் முழுவதும் அவருடைய அந்தரங்கச் செயலாளராக இருந்தவர். மாஜி நின்ற கதவுகளை எல்லாம் திறந்துவிட்ட கை அவருடையதுதான். ஆட்சி மாறியபோது அவரும் மாறிக்கொண்டார். மாஜி அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"சமாதான ஆய்வு நிறுவனத்துக்கு உங்களைத் தலைவரா போடலாம்னு இருக்கோம் மேடம். கடலோரமா கட்டிடம். நீங்க போய் உக்காந்தாலே போதும்" என்றார் அமைச்சர்.

"அங்கே லிஃப்ட் வேலை செய்யுதா?"

அமைச்சர் சிரிக்க முயன்றார். "மேடம், நீங்க வண்டி தள்றது எங்க முகத்துல கரியைப் பூசற மாதிரி இருக்கு. உங்களுக்கு இருக்கிற மரியாதையும் குறையுது."

"அப்பனை முதுகுல தூக்கிட்டு மூணு மாடி ஏறுதே ஒரு பொண்ணு, அதுகிட்ட போய்க் கேளுங்க தம்பி, யாருக்கு மரியாதை குறைஞ்சுதுன்னு."

"அப்போ எனக்கு வேற வழியில்லை. அந்த லிஃப்ட் பதவியில இருக்கிறவங்களுக்கு மட்டும்னு மாத்த வேண்டியிருக்கும்."

"மாத்துங்க. நான் நாளைக்கும் வேலைக்குப் போவேன்."

"எப்படி மேல போவீங்க?"

"அதை நாளைக்குப் பார்த்துக்கறேன்."

அமைச்சர் விடைபெற்று எழுந்தார். வழியனுப்ப மாஜியும் வாசல்வரை நடந்து, கதவுக்கு முன்னால் நின்றார். அமைச்சர் சட்டென்று முன்னால் வந்து, கதவைத் திறந்து பிடித்து, ஒரு அடி பின்வாங்கித் தலையைத் தாழ்த்தினார். மாஜி வெளியே போனார். அமைச்சர் உள்ளேயே நின்றார்.

"நல்லாயிருக்கு!" என்று தங்கை கைதட்டினார். "வந்தவர் வீட்டுக்குள்ள, வீட்டுக்காரி தெருவில! ரெண்டு பேருக்கும் இன்னும் அந்த வியாதி போகலையா?"

அமைச்சரின் காது சிவந்தது. குடையை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார்.

சொன்னதைச் செய்தார். பெயிண்டர் வந்து 'முன்னாள் தலைவர்கள்', 'உடன் வருவோர்' என்ற சொற்களின் மேல் வெள்ளை அடித்துவிட்டுப் போனார். 'நாட்டின் தலைவர்கள் மட்டும்' என்பது மிஞ்சியது. பூட்டு மறுபடி விழுந்தது.

தையல்காரர் அடுத்த முறை வரவில்லை. அதற்கு அடுத்த முறை மகள் அவரை ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். முகம் ஊதியிருந்தது. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது.

"இன்னிக்கு மெஷின்ல போடலேன்னா ரொம்ப மோசமாயிடும்னு மேல இருக்கிற டாக்டர் சொல்றாரும்மா" என்றாள் மகள். அவளுடைய முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது.

மருத்துவமனைத் தலைவரான பெரிய டாக்டர் அன்று தலையில் கைவைத்துக்கொண்டு அலைந்தார். இரண்டாவது மாடியில் புதிய கண் பிரிவைத் திறந்துவைக்க அமைச்சர் வந்துகொண்டிருந்தார். நுழைவாயிலிலிருந்து பூட்டிய லிஃப்ட் வரை தரை விரிப்புப் போட்டிருந்தார்கள். அந்த விரிப்பின்மேல் மாஜி தையல்காரரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்தினார்.

"அம்மா, தயவுசெஞ்சு..." பெரிய டாக்டர் ஓடிவந்தார். "நாலு பேரை விட்டு ஸ்ட்ரெச்சர்ல படி வழியா தூக்கச் சொல்றேன்."

"போன மாசம் அப்படித் தூக்கினப்போ படித் திருப்பத்துல சாய்ச்சுட்டாங்க, சறுக்கி விழப்பார்த்தேன்" என்றார் தையல்காரர் மூச்சுக்கு நடுவே. "படியில வரமாட்டேன். இங்கேயே நிக்கறேன்." பிறகு தன் கால்களைப் பார்த்துக்கொண்டு, "உக்கார்றேன்னு வைங்க" என்றார்.

சாவி கழுத்துக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நான் திறந்தா என் வேலை போயிடும். ரெண்டு பிள்ளைங்க படிக்கறாங்க."

மாஜி அவர் தோளைத் தொட்டார். "உங்களை நான் திறக்கச் சொல்லலையே. உங்க பிழைப்பைப் பிடுங்கி இவருக்குக் கொடுத்தா அது என்ன நியாயம்? நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் என் வேலையைப் பார்க்கறேன்."

"உங்க வேலை?"

"நிக்கறது. கதவு முன்னாடி நிக்கறதுல என்னை அடிச்சுக்க இந்த நாட்டுல ஆள் இல்லை. யாராவது திறக்கிற வரைக்கும் நிப்பேன்."

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கி வந்து தையல்காரரின் நாடியைப் பார்த்தார். ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தார். அவரும் நகரவில்லை. அப்போது மல்யுத்தக்காரர் தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து மாஜிக்குப் பின்னால் நிறுத்தினார். மாசமாக இருந்த ஆசிரியை வந்தார். கால் வெட்டுப்பட்டவர் ஊன்றுகோலோடு வந்தார். மருந்து வாங்க நின்றவர்கள் தங்கள் இடத்தை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வரிசை மட்டும் தரை விரிப்பின் மேல் நீண்டுகொண்டே போய் வாசலைத் தொட்டது.

காவல் அதிகாரி ஒருவர் வந்தார். "மேடம், அமைச்சர் வந்துட்டார். ஒதுங்குங்க."

"வரிசையில நிக்கச் சொல்லுங்க தம்பி. கடைசி ஆள் வாசல்ல இருக்கார்."

"அமைச்சரை வரிசையிலயா?"

"ஏன், காலுல ஏதாவது பிரச்சினையா? சொல்லுங்க, நாற்காலி கொண்டுவர்றேன்."

வரிசை குலுங்கிச் சிரித்தது. அதிகாரி மாஜியின் கையைப் பிடித்து அகற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வருடக்கணக்காகக் காவல் நிலையச் சுவரில் அந்த முகத்தைத் தினமும் பார்த்தவர். அவருடைய கை நீளவில்லை.

அமைச்சர் உள்ளே நுழைந்தார். யாருடனோ பேசிக்கொண்டே, வரிசையின் பக்கமாக விறுவிறுவென்று நடந்து வந்தார். அவரைக் கண்டதும் சாவி விதிப்படி பூட்டைத் திறந்து எடுத்தார். கம்பிக் கதவை மட்டும் இழுக்கவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார். அது அவருடைய பயமா, துணிச்சலா என்று எனக்குத் தெரியாது. கடவுள் சில சமயம் இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துவிடுகிறார்.

மாஜி திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியின் பிடியில் கைகள். நேரான முதுகு. கண்கள் மூடிய கதவின் மேல். எத்தனையோ அரங்குகளுக்கு முன்னால், எத்தனையோ காலைகளில் நின்ற அதே நிலை.

அமைச்சர் இடது பக்கமாக வந்தார். எப்போதும் இடது பக்கமாக வந்தவர்தான். பேச்சு பாதியில் நின்றது. அவருடைய கை நீண்டு கம்பிக் கதவை இழுத்தது. அது உருண்டு மூடிவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு அடி பின்வாங்கித் தலையைத் தாழ்த்தினார்.

"நன்றி தம்பி" என்றார் மாஜி. அந்த நாட்களில் ஒவ்வொரு கதவிலும் அதைத்தான் சொல்லியிருந்தார். தையல்காரரை உள்ளே தள்ளினார்.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது அமைச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. கூடம் மூச்சுவிடாமல் பார்த்தது. கையை எடுத்திருக்கலாம், கதவு தானாக மூடிக்கொண்டிருக்கும். அவருடைய கண் நாற்காலியில் இருந்த வீங்கிய முகத்தில் விழுந்தது. மூக்கில் குழாயோடு அந்த முகம் அவருடைய கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார்," என்றார் தையல்காரர், "உங்க ரெண்டாவது பொத்தான் தொங்குது. மேல போயிட்டு... உயிரோட வந்தா... தைச்சுத் தர்றேன்."

அமைச்சர் கீழே பார்த்தார். பொத்தான் உண்மையிலேயே ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. கதவை இன்னும் கொஞ்சம் அகலமாக இழுத்துப் பிடித்தார்.

"இன்னொரு நாற்காலிக்கு இடம் இருக்கு. வாங்க" என்றார் மல்யுத்தக்காரரிடம்.

லிஃப்ட் மேலே போனதும், அமைச்சர் யாரையும் பார்க்காமல் படி வழியாக இரண்டாவது மாடிக்கு ஏறினார். பின்னால் வந்த அதிகாரிகளும் ஏற வேண்டியதாயிற்று. அவர்களில் பலருக்கு அந்தக் கட்டிடத்தில் படி இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது மாடியில் தையல்காரரை மெஷினில் இணைத்தார்கள். மகள் அவருடைய காலடியில் உட்கார்ந்தாள். "நாளையிலேர்ந்து வரமாட்டேன்னு இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினார். வருகிறேன் என்ற தலையாட்டல்.

மாஜி தனியாகக் கீழே இறங்கினார். பெரிய டாக்டர் லிஃப்டுக்கு வெளியே சாவியோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தது கம்பி வழியாகக் கேட்டது.

"அமைச்சர் மேல போயிட்டார்ல? பூட்டுய்யா!"

"முடியாது சார்."

"என்னது?"

"மந்திரி தன் கையால திறந்த கதவு சார். ஊரே பார்த்துச்சு. மூடணும்னா அவரே வந்து மூடட்டும்." சாவி கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

லிஃப்ட் தரையில் நின்றது. மாஜி கம்பிக் கதவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். காத்திருந்தார். வெளியே வரிசையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. மருந்து கொடுக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"ஓ" என்றார் மாஜி.

கதவைத் தன் கையாலேயே இழுத்தார். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு வந்துவிட்டது. சாவி செய்வதுபோலவே காலால் அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டினார்.

"அடுத்தது யாரு? ஏறுங்க."